தடியங்காய் வைத்துப் பார்த்த ஜாக்கி

குறை கண்டுபிடிப்பது என் தொழில். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. நாகர்கோவிலில் மிஷன்காரர்கள் நடத்திய லேஸ் பின்னல் கூடத்தில், பெண்கள் பின்னி முடித்த லேஸை வாங்கிக் கறுப்புத் துணியின் மேல் விரித்து, எங்கே கண்ணி விட்டிருக்கிறது, எங்கே நூல் தளர்ந்திருக்கிறது என்று பார்த்து ஒதுக்குகிற வேலை எனக்கு. பின்னுகிறவர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளட்டும். நான் சரியென்று கட்டிய கட்டு கடல் தாண்டிப் போய்க் குறையோடு திரும்பி வந்ததில்லை.

அதனால் என் கணவர் மேல் கார் விழுந்தபோது முதலில் அழுதேன். அழுது முடித்ததும் எந்தச் சாமான் கைவிட்டது என்று பார்க்கப் போனேன்.

அவர் முன்பு ரப்பர் எஸ்டேட் முதலாளி ஒருவரிடம் டிரைவராக இருந்தார். முதலாளி புதுக் கார் வாங்கியபோது பழையதை இவர் வாங்கிக்கொண்டு தனியே வந்துவிட்டார். நாடு விடுதலையடைந்து, மகாராஜா ஆட்சியும் போய், ஆனாலும் எதற்கெடுத்தாலும் திருவனந்தபுரத்துக்கே மனுப் போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஊரில் எல்லாரும் அந்தக் காரைப் பிளசர் என்பார்கள். கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, திருவட்டாறு கோயிலுக்கு, இராஜாக்கமங்கலம் கடற்கரைக்கு என்று வாடகைக்கு ஓடியது. வண்டியில் என்ன கோளாறு வந்தாலும் அவரே அடியில் படுத்துச் சரிசெய்துவிடுவார். அப்படிச் செய்தால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும்.

கார் நிற்பது வீட்டை ஒட்டி இறக்கிய ஓலைச் சாய்ப்பில். அன்றைக்கு ஒரு முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். காரோடு வந்த பழைய ஜாக்கி அப்படியே இறங்கிவிட்டது. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வைத்திருந்ததால் வண்டி அதன் மேல் விழுந்து நின்றது. விலா எலும்பு முறிந்ததோடு போயிற்று. வர்ம ஆசான் வந்து எண்ணெய் போட்டு இறுக்கிக் கட்டினார். கட்டு அவிழ்கிறவரைக்கும் மனுஷன் தும்முவதற்கே பயந்தார்.

கட்டு அவிழ்ந்தது. வண்டி ஓட்டினார், பழையபடி சிரித்துப் பேசினார். ஆனால் அடியில் மட்டும் போகவில்லை. சின்ன முறுக்கு வேலைக்குக்கூட வண்டியை வடசேரி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். வாடகையில் வந்ததெல்லாம் அங்கேயே போயிற்று. கேட்டால், சரியான ஜாக்கி இல்லாமல் எப்படிப் படுப்பது என்றார். நியாயமான பேச்சுதானே. நானும் நம்பினேன். இப்படியே போனால் காரை விற்க வேண்டியதுதான். விற்றால் அவர் மறுபடியும் எவனாவது ஒரு முதலாளிக்குக் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நிற்கப் போக வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு வயிறெரிந்தது. ஜாக்கி வாங்குவது இனி என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். லேஸ் பார்க்கிறவளுக்கு ஜாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். இறங்கிப்போன ஜாக்கியைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவு தெரியும் என்றேன்.

எனக்கு வேண்டியது இன்னதென்று தெளிவாக இருந்தது. வீட்டுச் சாய்ப்பில் மணிக்கணக்காக அசையாமல் நிற்க வேண்டும். அதே ஜாக்கி வழியிலும் உதவ வேண்டும். கடற்கரை ரோட்டு மணலில் புதையக் கூடாது, திருவட்டாறு போகிற மேட்டில் வழுக்கக் கூடாது. இன்னொன்று, வழியில் ஜாக்கி தேவைப்படுவது டயர் காற்றுப் போன பிறகுதான். அப்போது வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கும்? ஒரு டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு, அச்சுக்கும் தரைக்கும் நடுவே ஈர்க்குச்சியை வைத்து அளந்து ஒடித்துக்கொண்டேன். காற்றைத் திரும்ப அடித்தது அவர்தான். அடித்தபோது என்னைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

வடசேரியில் ஒரு இரும்புக்கடை. கடைக்காரர் நெற்றியில் நீள நாமம் இட்ட அய்யாவழிக்காரர், வெகு பொறுமைசாலி. அந்தப் பொறுமை எவ்வளவு என்று அன்றைக்கு நான் பார்த்துவிட்டேன். முதலில் ஓர் எண்ணெய் ஜாக்கியை எடுத்து வைத்தார். கைப்பிடியை நாலு தடவை அழுத்தினால் யானையையே தூக்கிவிடும் என்றார். யானை இல்லாததால், கடை வாசலில் தேங்காய்ப் பாரத்தோடு நின்ற மாட்டு வண்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். வண்டிக்காரனும் வேடிக்கைக்கு ஆசைப்பட்டு மாட்டை அவிழ்த்துவிட்டான். வண்டி பூப்போல எழும்பியது. என் கணவருக்கு முகமெல்லாம் பல். இதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். அது அப்படியே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குள் போய்க் கத்தரிக்காயும் சீனி அவரையும் பார்த்து வாங்கி, விலை பேசி, சண்டையும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். வண்டிச் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை என்று கடைக்காரரே சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, உண்மையைச் சொன்னார்.

"அம்மா, இது தூக்குகதுக்கு உள்ளது. தாங்கிட்டு நிக்கதுக்கு உள்ளதில்ல."

அந்த மனுஷன் மேல் எனக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது. அடுத்து ஒரு திருகு ஜாக்கி. சுற்றிச் சுற்றித்தான் ஏற்ற வேண்டும், கை கழன்றுவிடும். ஆனால் ஏற்றிய இடத்தில் நின்றது. நடுத் தண்டில் மரை ஆழமாக, ஒரே சீராக ஓடியிருந்தது. லேஸைத் தடவுவது போல விரலை ஓட்டிப் பார்த்தேன், ஓர் இடத்திலும் தட்டவில்லை. ஈர்க்குச்சியை வைத்துப் பார்த்தால் உயரம் மட்டும் நாலு விரல் அதிகம். இதே ஜாக்கியில் குட்டையானது ஒன்று வரவழைத்துத் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார் கடைக்காரர். பொறுத்திருக்கச் சம்மதித்து வீட்டுக்கு வந்தோம்.

பொறுத்திருந்த நாட்களில்தான் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை வந்தது.

எங்கள் பக்கத்துச் சபைகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுவடை முடிந்ததும் அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து ஆலயத்தில் பீடத்தின் முன் வைப்போம். நெல், வாழைக்குலை, பலாச்சக்கை, மரச்சீனிக் கிழங்கு, கோழி, முட்டை, எதுவானாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை விற்பது வாங்குவது கூடாது என்பதால் மறுநாள் ஆலய முற்றத்தில் ஏலம் நடக்கும். அந்த ஏலத்தில் யாரும் பொருளைப் பரிசோதிக்க மாட்டார்கள். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பதோ, கோழியின் சிறகைத் தூக்கிப் பார்ப்பதோ பெரிய கேவலம். ஆண்டவருக்கு முன்னால் வைத்ததில் குறை தேடுவதா? வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கு விரல்கள் அரித்துக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் வாழைக்குலைகளுக்கும் கோழிகளுக்கும் நடுவே ஒரு ஜாக்கி நின்றது. சபையில் லாரி வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான், அவருடைய காணிக்கை. லாரிக்காரருக்கு வயலில்லை, லாரிதானே விளைச்சல். சண்டைக் காலத்துப் பட்டாளச் சாமான், அகலமான அடிப்பாகம், பச்சை வண்ணம் பளபளவென்று. உயரமும் குட்டை. கண்ணால் அளந்ததிலேயே என் ஈர்க்குச்சிக்குச் சரியாக இருந்தது.

ஏலத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய ஆள் வைத்த பொருளை அந்தப் பெரிய ஆளே கூடுதல் தொகைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் மரியாதைக்குச் சும்மா இருப்பார்கள். லாரிக்காரர் தம் ஜாக்கிக்குத் தாமே கேட்டார். முற்றம் முழுக்க அமைதியாக இருந்தது. என் கணவர் கையைத் தூக்கினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லாரிக்காரர் ஒரு கணம் விழித்தார், பிறகு சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டோம். நான் என் பங்குக்கு ஒரு பெரிய தடியங்காயை ஏலம் எடுத்தேன். வெளியூரில் வெள்ளைப் பூசணி என்பார்களே, அதுதான். அவருக்கு அதில் மோர்க்குழம்பு வைத்தால் உயிர்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அவருடைய வேகத்தைப் பார்க்க வேண்டும். சாய்ப்புக்குள் போனார், பச்சை ஜாக்கியை அச்சுக்குக் கீழே நிறுத்தி வண்டியை ஏற்றினார், முன் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார், சாக்கை விரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சாக்கு விரிந்ததைப் பார்த்ததும் எனக்குள் ஒரு குளிர்ச்சி. ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. சாயங்காலம்வரை அது சும்மா நிற்கட்டும், பிறகு படுக்கலாம் என்றேன்.

"ஆண்டவருக்கு முன்ன வச்சதாக்கும். அத சோதிக்கப்பிடாது," என்றார்.

"ஆண்டவரச் சோதிக்கப்பிடாது. இரும்ப சோதிக்கலாம்," என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கு விசுவாசமே கிடையாது, கர்த்தரே லேஸ் பின்னிக் கொடுத்தாலும் அதில் கண்ணி விட்டிருக்கிறது என்பாய் என்றார். இருக்கலாம். நான் நேரே அடுக்களைக்குப் போய்த் தடியங்காயைத் தூக்கி வந்தேன். சாக்கின் மேல், அவர் நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில், உருட்டி வைத்தேன். உயரமும் கிட்டத்தட்ட அவர் நெஞ்சளவுதான் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? காணிக்கை ஜாக்கிக்கு ஒருத்தி பரீட்சை வைக்கிறாள் என்று சபைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கருப்பட்டிக் காப்பி போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. லாரிக்காரரும் வந்தார். வந்தவர் சாய்ப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஏனோ உட்காரவில்லை. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. வண்டி நின்றது, தடியங்காயும் நின்றது. என் கணவர் முகத்தில் வெற்றி வர ஆரம்பித்தது. இனியும் என்ன வேண்டும் உனக்கு என்று கேட்கத்தான் அவர் வாயைத் திறந்தார்.

உள்ளே ஒரு முறிகிற சத்தம், அதைத் தொடர்ந்து தொம்மென்று ஒரு சத்தம். ஓலையிலிருந்து தூசி கொட்டியது.

தடியங்காய் சிதறிக் கிடந்தது. வெள்ளைச் சதை சாக்கு முழுக்க, விதை சுவர்வரைக்கும். ஜாக்கி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். பச்சை வண்ணத்துக்கு அடியில் மரை மழுங்கிப்போய்க் கிடந்தது. எப்போதோ தேய்ந்தது, வண்ணம் மட்டும்தான் புதிது.

லாரிக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியவில்லை.

"வருஷாவருஷம் நான் வைக்கத நான்தான எடுக்கேன். இத நீங்க எடுத்து வண்டிக்கடியில வைப்பீங்கன்னு நான் கண்டனா?"

வேறு நேரமாயிருந்தால் சிரித்திருப்பேன். அப்போது முடியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம் துளியும் வரவில்லை. என் கணவர் அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லாரும் போன பிறகும் நின்றார். நசுங்காத துண்டுகளைப் பொறுக்கிக் கழுவி மோர்க்குழம்பு வைத்தேன். அவர் இலையில் அதைத் தொடவில்லை.

சில நாளில் வடசேரிக் கடைக்காரர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். குட்டை ஜாக்கி வந்துவிட்டது. என் ஈர்க்குச்சி அளவுக்குள் விரல்கடை இடம் விட்டுச் சரியாக நுழைந்தது. அடிப்பாகம் கொஞ்சம் சிறிது என்பதால் தச்சரிடம் சொல்லி அயனி மரத்தில் தடியான பலகை ஒன்று அறுத்து வாங்கினேன். மணலைக் கொஞ்சம் பறித்துப் பலகையைப் பதித்து அதன் மேல் ஜாக்கியை வைத்தால் புதையாது. கடற்கரை மணலை ஒரு பெட்டி கொண்டுவந்து கொட்டி, அதன் மேலும் நிறுத்திப் பார்த்தேன். காலையில் ஏற்றி மாலையில் போய்ப் பார்த்தால் சுவரில் நான் கரியால் போட்ட கோட்டை விட்டு ஒரு நூல்கூட இறங்கவில்லை. காய் வீணாக வேண்டாமென்று ஒரு பழைய மண்சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். சட்டி முழுசாக இருந்தது. இதைவிட நல்ல ஜாக்கி இந்த நாஞ்சில் நாட்டில் இல்லை என்று கூசாமல் சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன்.

அவரும் கொள்ளாம், நல்ல சாமான்தான் என்றார். ஆனால் படுக்கவில்லை. ஒரு நாள் தோள் வலித்தது. ஒரு நாள் சாய்ப்பில் வெளிச்சம் போதவில்லை. ஒரு நாள் மழை. ஜாக்கி வந்த பிறகும் வண்டி ஒர்க்‌ஷாப்புக்கே போயிற்று. அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது, திருவட்டாற்றில் ஒருத்தர் பிளசர் தேடுகிறார், வெள்ளிக்கிழமை காலையில் வந்து வண்டியைப் பார்ப்பார் என்றார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் இரும்பிலேயே குறை தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இவருக்கு வேண்டியிருந்தது ஜாக்கி இல்லை, தைரியம். பயந்துபோயிருக்கிறார், வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பீடத்தின் முன் நின்ற ஜாக்கி என்றதும் அந்தத் தைரியம் எங்கிருந்தோ வந்தது. அதனால்தான் அன்றைக்கு அந்த வேகம், அந்தக் கோபம். நான் தடியங்காயை வைத்து அவர் உயிரைக் காப்பாற்றினேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் நெஞ்சு எப்படிச் சிதறியிருக்கும் என்பதை அவருக்கே காட்டியும் விட்டேன். இனி எந்த ஜாக்கியைச் சோதித்து என்ன பயன்?

அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கூடத்துக்கு வேலைக்குப் போகவில்லை. வருகிறவருக்குக் காட்ட வேண்டுமென்று வண்டியைத் துடைக்க அவர் கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். நான் சாய்ப்புக்குள் போனேன். பலகையைப் போட்டேன், ஜாக்கியை வைத்தேன், கை கழல வண்டியை ஏற்றினேன். சக்கரத்தைக் கழற்ற எனக்குத் தெரியும், அவர் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். கழற்றிச் சுவரில் சாய்த்தேன். சாக்கை விரித்தேன். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு மல்லாந்து படுத்து, குதிகாலை ஊன்றி ஊன்றி உள்ளே போனேன்.

அந்த இருட்டை நான் எதிர்பார்க்கவில்லை. மூக்குக்கு நேராக இரும்பு. எண்ணெய் வாடை. தலையைத் தூக்க இடமில்லை. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. இத்தனை வருஷமும் இந்த மனுஷன் இதற்குள் படுத்துக்கொண்டு பாட்டுப் பாடுவார், நான் அடுக்களையிலிருந்து சத்தத்தைக் குறையுங்கள் என்பேன்.

தண்ணீர் வாளி கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. என் பாதங்களைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

"ஏட்டி, வெளிய வா," என்றார். குரல் அவருடையது போலவே இல்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன். "ஆனா இது நிக்கும். நான் பாத்துட்டேன்லா."

அவருடைய இரண்டு கால்களும் வண்டிக்கு அந்தப் பக்கம் போவது தெரிந்தது. நின்றன. வெகுநேரம் நின்றது போலிருந்தது. வெளியே போய்விடுவார் என்றே நினைத்தேன். பிறகு முழங்கால் மண்ணில் பட்டது. அடுத்து கை. அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உள்ளே வந்து என் பக்கத்தில் மல்லாந்தார். சட்டையைக் கழற்றக்கூட இல்லை, கல்யாண வாடகைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. அவர் தோள் என் தோளில் பட்டது, உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்த நேரங்கள் குறைவு, அது அதில் ஒன்று.

நடுக்கம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவர் கை மேலே போயிற்று. எதையோ தொட்டது, அசைத்துப் பார்த்தது.

"இந்த நட்டு லூசா கெடக்கு," என்றார். "ஒர்க்‌ஷாப்புக்காரனுக்குக் கண்ணு இல்லியா?"

குறை கண்டுபிடிக்கிற குரல். என் காதுக்கு அதைவிட இனிமையான குரல் இல்லை. ஸ்பானர் எங்கே என்று கேட்டார். சாக்கின் ஓரத்தில் எடுத்து வைத்திருந்தேன், நகர்த்திக் கொடுத்தேன். முறுக்க ஆரம்பித்தார். துரு என் முகத்தில் கொட்டியது, துடைக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. திருவட்டாற்றிலிருந்து ஆள் வந்துவிட்டார். சாய்ப்பு வாசலில் நின்று, வண்டிக்கு அடியிலிருந்து ஒரு பக்கம் சேலையோடு இரண்டு காலும் இன்னொரு பக்கம் வேட்டியோடு இரண்டு காலும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் தயங்கினார் போலும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தப் பிளசர்தானே விலைக்கு இருக்கிறது என்று கேட்டார்.

ஸ்பானர் நின்றது.

"இல்ல," என்றார் என் கணவர், அடியில் படுத்தபடியே. "இது விக்கதுக்கு உள்ளதில்ல."